ஆவுடையப்பனின் கறுப்புக் கோட்டு

எட்டூரணியில் பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த ஒரு பங்குனி மாதத்தில், செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை மணி சுமாருக்கு, யார் யார் வீட்டுச் சுவரில் இருட்டறையில் கழுவிப் போட்ட பழைய கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியதோ, அந்தப் படங்களில் இருந்த கறுப்பெல்லாம் ஆழமாகிவிட்டது. தபால்காரர் பெண்டாட்டி தன் மாமனார் படத்தைத் துடைக்கிறேன் என்று கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் துணியால் ஒரு அழுத்து அழுத்த, துணியும் கையும் முழங்கை வரைக்கும் மாமனாரின் கோட்டுக்குள் போய்விட்டன. அவள் கத்தவில்லை. உள்ளே மண்பானைக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி சில்லென்று இருந்ததால் கொஞ்ச நேரம் கையை அப்படியே வைத்திருந்தாள், அப்புறம் அடுப்பில் குழம்பு கொதிக்கிற நினைப்பு வந்து வெளியே எடுத்துக்கொண்டாள்.

எட்டூரணிக்காரர்கள் எதற்கும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறவர்கள் இல்லை. தார் ரோடு இளகிக் காலில் கிடக்கும் செருப்பைப் பிடுங்கிக்கொள்கிற ஊரில், குளிர்ச்சி எந்தப் பக்கம் இருந்து வந்தால் என்ன, அது ஏன் வந்தது எப்படி வந்தது என்று விசாரித்துத் திருப்பி அனுப்புகிற கொழுப்பு யாருக்கும் கிடையாது. மூன்றே நாளில் தயிர்ச்சட்டி, தக்காளி, மல்லிகைப்பூ, சர்க்கரை வியாதிக்காரர்களின் ஊசி மருந்து எல்லாம் முன்னோர்களின் கோட்டுக்குள் குடியேறின. படங்களைத் தலை முன்னால் சாய்ந்திருக்கிற மாதிரி மாட்டுவதுதான் வழக்கம் என்பதால், முதல் இரண்டு நாள் வைத்த சாமான் எல்லாம் வைத்தவர்கள் தலையிலேயே விழுந்தது. அதற்கப்புறம் ஆசாரி வீடு வீடாகப் போய் ஆணியை இறக்கி அடித்துப் படங்களை நிமிர்த்தி வைத்தார்.

கறுப்பில் மட்டும்தான் இந்த ஆழம். வேட்டி வெள்ளை சுவர் மாதிரி கெட்டியாக நின்றது. சாம்பல் நிறம் அதது இருக்கிற கருமைக்குத் தக்கபடி இடம் கொடுத்தது. கன்னத்து நிழலில் விரல் ஒரு கணு போகும், மூக்குத் துவாரத்தில் ஒரு கிராம்பு வைக்கலாம். கண்ணுக்குள் மட்டும் யாரும் எதையும் வைக்கவில்லை, அப்படி ஒரு சட்டத்தை யாரும் போடவும் இல்லை. கைக்குழந்தைப் படம் வைத்திருந்த தாய்மார்கள்தான் பாவம், கன்னத்துத் திருஷ்டிப் பொட்டு துளையாகிப் போனதே, இதன் வழியாகப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று, முப்பது வயது தாண்டி மீசை வைத்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்கள்.

கம்ப்யூட்டரில் எடுத்த படம் வைத்திருந்த வீடுகளில் ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு பளபளப்பு, எவ்வளவு கலர், பின்னால் அருவி என்ன, மயில் என்ன. கையை வைத்தால் தாள்தான் தட்டியது. "ஏன்யா எங்க படத்துல மட்டும் போகல?" என்று அவர்கள் ஸ்டுடியோ சவரிராயனிடம் சண்டைக்குப் போனார்கள். ஊரில் அந்தக் காலத்துப் படங்களை இருட்டறையில் போட்டவரும் அவர்தான், இப்போது மிஷினில் போடுகிறவரும் அவர்தான். "மிஷின் படத்துல மையி தாளுக்கு மேல உக்காந்திருக்கு, அம்புட்டுதான். பழைய படத்துல கறுப்பு தாளுக்குள்ள இறங்கிக் கெடக்கு. சாய்ச்சுப் பாருங்க, தெரியும்" என்றார் அவர். சாய்த்துப் பார்த்தார்கள், தெரிந்தது. இத்தனை வருஷம் ஏன் தெரியவில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போய்ப் பரண்களைக் குடைந்தார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் "பெரிய கறுப்புப் படம் எத்தனை இருக்கு?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்கிற அளவுக்கு அது போய்விட்டது.

இதில் இன்னொரு விஷயமும் சீக்கிரமே தெரியவந்தது. ஒரே நெகட்டிவில் போட்ட படங்களுக்கு உள்ளே இருட்டும் ஒன்றுதான். அக்கா வீட்டில் அப்பா கோட்டுக்குள் வைத்த மாங்காய் ஊறுகாயைத் தங்கச்சி அடுத்த ஊரில் அப்பா கோட்டுக்குள் இருந்து எடுத்தாள். ஒன்றாகப் பிறந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பிரதி போடுவதுதான் சவரிராயனிடம் வழக்கம் என்பதால், கட்டிக்கொடுத்த பெண்களுக்கெல்லாம் சூடு ஆறுவதற்குள் ரசம் போய்ச் சேர்ந்தது, பதிலுக்குப் புகாரும் வந்து சேர்ந்தது. பஸ்காரர்கள் கூட்டம் குறைந்துவிட்டதாகக் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

செண்பகவல்லி வீட்டிலும் அப்படி ஒரு படம் இருந்தது. அவளுடைய மாமனார் ஆவுடையப்பன், சவரிராயன் ஸ்டுடியோ ஆணியில் எப்போதும் தொங்கிய அந்த ஒரே கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டன் மூச்சை அடைக்க, ஊரில் செத்துப்போன முக்கால்வாசி ஆண்களைப் போலவே முறைத்துக்கொண்டு இருந்தார். ஜன்னல் கதவு அளவுக்குப் பெரிய படம். அதே நெகட்டிவில் இன்னொரு படம் மூன்று தெரு தள்ளி, அவளுடைய வீட்டுக்காரரின் அண்ணன் சங்கரபாண்டி வீட்டில் இருந்தது. ஆனால் அந்தப் பக்கம் இருந்து ஒரு வடுமாங்காய்கூட வரவில்லை, இவளும் ஒன்றும் அனுப்பவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆகியிருந்தது.

காரணம் பத்திரிகை. சங்கரபாண்டி தன் மகள் கல்யாணத்துக்குத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்காமல், பத்திரிகையைப் போட்டோ பிடித்துப் போனில் அனுப்பிவிட்டார். கூடப் பிறந்த தம்பி வீட்டுக்கு! செண்பகவல்லி அன்றைக்குத் தெருவே கேட்கிற மாதிரி சொன்னாள், "இனிமே அந்த வீட்டுப் படிய மிதிச்சா என்னைய ஏன்னு கேளுங்க. நம்ம வீட்ல யாரும் மிதிக்கப்பிடாது." அவளுடைய வீட்டுக்காரர் சிதம்பரம் "சரி" என்றார். அவர் அப்படித்தான். தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற மிஷினைப் பார்த்துக்கொள்கிற காலை ஷிப்டு வேலை, அந்த மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பிரயோஜனம் இல்லை என்று வாலிபத்திலேயே விட்டுவிட்டவர். கல்யாணத்துக்கு அவர்கள் போகவில்லை. ஜெயித்துவிட்டதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

கறுப்பு ஆழமான இரண்டாவது வாரத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சிதம்பரம் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறித் தோளைச் சுருக்கிக்கொண்டு தன் அப்பாவின் கோட்டுக்குள் நுழைந்தார். "உள்ள நல்லா குளுகுளுன்னு இருக்கு. கொஞ்சம் படுத்துட்டு வாரேன்" என்றார். நாலு மணிக்குத் தேத்தண்ணி வேளைக்குச் சரியாக இறங்கி வந்துவிட்டார். ஊரில் ஒல்லியான ஆண்கள் பலர் அப்படித்தான் செய்தார்கள், அதனால் அவள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அவர் தினமும் போனார். வாயில் போட்ட சோற்றை மென்று முடிக்காமல் போனார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே போனார். திரும்பி வந்தபோது முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவளுக்கு அந்தத் தெளிச்சி புதிதாக இருந்தது. "உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டாள். "இருட்டுதான்" என்றார். தன்னைவிட்டுத்தான் போகிறார், தன் குரல் கேட்காத இடமாகப் பார்த்துப் போகிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது, தோன்றிய பிறகு அதை எந்த வேலையாலும் அழிக்க முடியவில்லை.

சித்திரை பிறந்து நாலாம் நாள் புளிப்பானையை எடுக்கக் கோட்டின் இடது கைக்குள் கையை விட்டவளுக்கு மணிக்கட்டோடு தட்டியது. எட்டிப் பார்த்தாள். கோட்டின் ஓரம் கறுப்பாக இல்லை. டிகாஷன் கொட்டிய மாதிரி பழுப்பேறி இருந்தது. முந்தானையால் தேய்த்தாள், போகவில்லை. மறுநாள் பழுப்பு தோள் வரைக்கும் வந்திருந்தது. அவள் சோறு வடிக்காமல் சவரிராயன் ஸ்டுடியோவுக்கு ஓடினாள்.

அவர் அவளைப் பார்த்ததுமே என்ன விஷயம் என்று தெரிந்துகொண்டார். அந்த வாரம் அவள் ஐந்தாவது ஆள்.

"ஒங்க படம் எந்த வருசம் போட்டது தாயி?"

"நாங்க தனிக்குடித்தனம் வந்தப்ப. லாரியில தண்ணி ஊத்துனாங்கல்ல, அந்த வருசம்."

சவரிராயன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "படத்த மருந்துல இருந்து எடுத்து ஒரு மணி நேரம் ஓடுற தண்ணியில அலசணும். அந்த வருசம் குடிக்கவே தண்ணி இல்ல. ரெண்டு முக்கு முக்கிக் காயப்போட்டேன். மருந்து தாளுக்குள்ளயே தங்கிருச்சு. அது உள்ள இருந்தே கறுப்பத் தின்னுக்கிட்டு இருக்கு. அன்னைக்கு யாருக்கும் தெரியல, எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கொடுத்தேன்."

"பழுப்பானா என்ன ஆகும்?"

"வாசல் அடைஞ்ச மாதிரி. வாத்தியார் வீட்டுக் குத்துவிளக்கு பாதி உள்ள பாதி வெளிய நிக்கி, பாத்தீங்கள்ல? ரம்பம் வச்சு அறுத்தும் வரல. ஒங்க வீட்டுச் சாமான எல்லாம் வெளிய எடுத்து வச்சிருங்க." அவர் சாமானைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அவள் சிதம்பரத்திடம் எல்லாவற்றையும் சொல்லி, "இனிமே உள்ள போகாதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள். அவர் "சரி" என்றார். அந்தச் சரியைத்தான் அவள் முப்பது வருஷமாக நம்பி வந்தாள். இருந்தாலும் ஸ்டூலை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்தாள், ராசியான தெய்வங்களுக்கெல்லாம் காசு முடிந்து வைத்தாள், அவர் வேலைக்குப் போகிறபோது தெருமுனை வரை பார்த்துக்கொண்டே நின்றாள், பகலில் பத்துத் தடவை கோட்டின் மேல் கையை வைத்துப் பழுப்பு எத்தனை விரல்கடை ஏறியிருக்கிறது என்று அளந்தாள். ஒவ்வொரு தடவையும் ஏறித்தான் இருந்தது. மூன்று நாள் அவர் உள்ளே போகவில்லை. மூன்று நாளும் அவர் சோற்றை அளைந்துகொண்டு படத்தையே பார்த்தார், எதையோ காதில் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறவர் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வருகிற அன்றைக்கு எட்டூரணியில் எந்தப் பெண்ணும் வீட்டில் இருக்க முடியாது. செண்பகவல்லி எட்டுக் குடத்தோடு வரிசையில் நின்று, சண்டை போட்டு, பிடித்து, கடைசிக் குடத்தை இறக்கி வைத்தபோது மணி இரண்டேகால். சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. படத்துக்குக் கீழே அரிசி மூட்டையைக் கொண்டுவந்து போட்டிருந்தது. மூட்டைக்குப் பக்கத்தில் அவருடைய செருப்பு ஜோடியாக இருந்தது.

கோட்டில் மார்புக்கு நடுவே ஒரு தட்டு அகலத்துக்குத்தான் கறுப்பு மிச்சம் இருந்தது. அவள் மூட்டை மேல் ஏறித் தோள் வரைக்கும் கையை விட்டுத் துழாவினாள். புளிப்பானை தட்டுப்பட்டது, ஆள் தட்டுப்படவில்லை. வாயை அந்த ஓட்டையில் வைத்து "என்னங்க" என்றாள். "என்னங்க! ஏங்க!" பெயர் சொல்லிக் கூப்பிட அவளுக்கு நாக்கு எழவில்லை, அந்த நேரத்திலும் எழவில்லை, அதற்காகத் தன்னைத் தானே அடித்துக்கொண்டாள். உள்ளே வெகுதூரம் இருந்தது. அவளுடைய குரல் போய்க்கொண்டே இருந்தது, எதிலும் படவில்லை. தட்டு அகலம் டம்ளர் அகலமானது. கையை உருவிக்கொள்ளவில்லையென்றால் கையும் அங்கேயே நின்றுவிடும் என்று தெரிந்து அவள் உருவிக்கொண்டாள், அப்படி உருவியதை அவளால் பிறகு ஒருநாளும் மன்னிக்க முடியவில்லை. மூன்று மணிக்குச் சற்று முன்னால் கடைசிப் பொட்டும் பழுப்பாகி, ஆவுடையப்பன் டீக் கலர் கோட்டுப் போட்டுக்கொண்டு அவளை முறைத்தார்.

அவள் ஸ்டுடியோவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. "ஆளு உள்ள இருக்காரு" என்று மட்டும் சொன்னாள். சவரிராயனுக்கு உதடு வெளுத்துவிட்டது. "மூத்தவரு வீட்டுப் படம் தண்ணி இருந்த வருசத்துல போட்டது. நல்லா அலசுனது. அதுக்குக் கேடு வராது" என்றவர், உடனே தலையில் கை வைத்துக்கொண்டார். "போன வருசம் அத நாந்தான் கலராக்கிப் புதுசா போட்டுக் கொடுத்தேன். அட்டை இல்லாம, பழைய படத்து மேலயே புதுசப் பசை போட்டு ஒட்டிட்டேன். கறுப்பு அடியில அப்படியே இருக்கு. ஆனா அத மூடியிருக்கு. உள்ள இருந்து வர வழி இல்ல."

சவரிராயன் மொபெட்டை உதைத்துக் கிளப்பினார், அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். ஆறு வருஷமாக அந்தத் தெருவுக்குள்ளேயே அவள் போனதில்லை. படியை மிதித்தபோது தான் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது.

கட்டிலில் இருந்த சங்கரபாண்டி எழுந்து உட்கார்ந்தார். அவருடைய வீட்டுக்காரி முப்பிடாதி கரண்டியோடு வந்து நின்றாள். சுவரில், சீரியல் பல்பு மினுங்க, சிவந்த உதடும் நீலக் கோட்டுமாக, பின்னால் ஒரு வெளிநாட்டு அருவி கொட்ட, ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டிருந்தார். முறைப்பைக்கூட மிஷின் சரிசெய்திருந்தது.

"பெரியத்தான், அந்தப் படத்தக் கழத்துங்க" என்றாள் செண்பகவல்லி. "ஒங்க தம்பி அதுக்குள்ள இருக்காரு."

முப்பிடாதி நெஞ்சில் கை வைத்தாள். "ஆத்தீ! ஒரு மாசமா மத்தியானமானா அதுக்குப் பின்னால என்னமோ உரசுதுன்னு சொன்னேன்ல? எலின்னுல்ல நெனச்சேன். மருந்துகூட வச்சேனே!"

சவரிராயன் சட்டத்தின் ஆணிகளைப் பிடுங்கினார். ஒட்டியிருந்த இரண்டு படமும் ஒரே தாள் மாதிரி இருந்தன. சங்கரபாண்டி கத்தியை எடுத்தார், ஆனால் அப்பாவின் முகத்துக்கு நேரே கை நின்றுவிட்டது. "கிழிச்சா அடியில உள்ளதும் சேந்து கிழிஞ்சிரும்யா" என்றார் சவரிராயன். "தண்ணி வேணும். இந்த மிஷின் மையி தண்ணியில நிக்காது. பழைய படத்துக்குத் தண்ணின்னா ஒண்ணுஞ் செய்யாது, அது தண்ணியில பிறந்ததுதான."

பின்கட்டில் சிமெண்டுத் தொட்டி நிறைய, அன்றைக்குத்தான் பிடித்த பத்து நாள் தண்ணீர் இருந்தது. யாரும் முப்பிடாதியைக் கேட்கவில்லை. அவளே மூடியைத் தள்ளினாள். படத்தைத் தண்ணீரில் மல்லாக்கக் கிடத்தினார்கள். நாலு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, முதலில் உதட்டுச் சிவப்பு கரைந்து மிதந்தது, பிறகு அருவி கலங்கித் தொட்டி முழுக்கப் பரவியது, கோட்டு நீலம் திரிதிரியாகப் பிரிந்தது, சிரிப்பு எங்கே போனது என்றே தெரியவில்லை. சவரிராயன் நனைந்த தாளைக் கட்டைவிரலால் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி எடுத்தார். ஒரு இடத்தில் பசை விடவில்லை. "மெதுவா, மெதுவா" என்று செண்பகவல்லி சொல்லிக்கொண்டே இருந்தாள், அவர் மெதுவாகச் செய்தபோது "சீக்கிரம்யா" என்று அழுதாள். அடியில் இருந்து முறைப்பு மேலே வந்தது. பிறகு கோட்டு. தண்ணீருக்கு அடியிலும் அது கறுப்பாக, ஆழமாக, கிணறு மாதிரி இருந்தது. தண்ணீர் அதற்குள் இறங்காமல் விளிம்பிலேயே நின்றது.

அவள் குனிந்து "என்னங்க" என்றாள். சத்தமே இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். உள்ளே ஏதோ அசைகிற மாதிரி இருந்தது, பிறகு அதுவும் அடங்கிவிட்டது. என் குரல் கேட்டுத்தான் அடங்கிவிட்டார் என்று அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

"பெரியத்தான், நீங்க கூப்பிடுங்க."

சங்கரபாண்டி தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஆறு வருஷமாகச் சொல்லாத பெயர் முதல் தடவை வெறும் காற்றாகத்தான் வந்தது. "ஏலே சிதம்பரம்" என்றார். "வாலே. வந்துருலே."

கை வந்தது. நாலு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். சிதம்பரம் தொட்டிக்குள் முட்டி போட்டு எழுந்து உட்கார்ந்தார், அருவியின் நீலமும் உதட்டின் சிவப்பும் தலையில் இருந்து வழிந்தன. முதலில் அண்ணனைத்தான் பார்த்தார். "மத்தியானம் படுத்தா இந்த இருமு இருமுறீங்களே, டாக்டர்ட்ட காட்டுனா என்னண்ணே?" என்றார். "மூணு நாளா அந்தத் தாளுக்குப் பின்னால வந்து கேக்க முடியல. என்னாச்சோன்னு இருந்துச்சு."

சங்கரபாண்டி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். அப்போதுதான் சிதம்பரம் திரும்பிச் செண்பகவல்லியைப் பார்த்தார். அவர் முகத்தில் வந்தது பயம். இருட்டில் மாட்டிக்கொண்ட பயம் இல்லை அது, அவளைப் பார்த்ததால் வந்த பயம்.

"வாசல் வழியா வரத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று கேட்டாள் அவள்.

"நீ விடமாட்டியே" என்றார் அவர். குற்றமாகச் சொல்லவில்லை, இன்றைக்குத் தண்ணீர் வரும் என்பது போலத்தான் சொன்னார்.

அவள் முந்தானையால் அவர் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்டச் சேலையெல்லாம் கலராகியது. அவர் வாகாகத் தலையைக் குனிந்து கொடுத்தார், ஆனால் கண்ணை நிமிர்த்தவில்லை. பிறகு அண்ணன் காதில் விழாதபடி, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, தொட்டித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"நான் இங்க கொஞ்ச நேரம் இருந்துட்டு வரவா?"